கிட்னாப்ட் நாவலுக்குப் புது முதுகும் ஒரு வரைபடமும்

ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் ‘கிட்னாப்ட்’ 1886-இல் முதன்முதலாகப் புத்தகமானபோது அதோடு மடித்துவைத்த வரைபடம் ஒன்றும் வந்தது. கடத்தப்பட்ட பையன் டேவிட் பால்ஃபரைக் கப்பல் கொண்டுபோன வழியும், அப்புறம் அவன் ஸ்காட்லாந்தின் குறுக்கே நடந்து திரும்பிய வழியும் அதில் கோடு போட்டுக் காட்டியிருக்கும். பின்னால் வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் அந்தப் படம் கிடையாது. என்னிடம் இருப்பது அப்படிப்பட்ட ஒரு பிரதி. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய துணி அட்டைப் புத்தகம். முதுகுத் துணி ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. முதல் பாரம், அதாவது சேர்த்து மடித்துத் தைத்த முதல் தாள்கட்டு, கையோடு வந்தது. கம்பித் தையல் துருப்பிடித்து, ஒவ்வொரு மடிப்பிலும் பழுப்புப் புள்ளி வைத்திருந்தது.

சரி, பிரித்து மறுபடி தைக்கத்தான் போகிறோம், அப்படியே வரைபடத்தையும் வரைந்து உள்ளே சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இந்த நாவலை வரைபடம் இல்லாமல் படிப்பது பாதி படிப்பு என்பது என் எண்ணம். இதில் ஆபத்தெல்லாம் நிலத்திலிருந்தே வருகிறது. எந்த நீரை எங்கே கடக்க முடியும், எந்த மலையில் நிழல் இல்லை, எந்த வழி சிப்பாய்களின் கையில் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தால்தான் பக்கத்துக்குப் பக்கம் ஏறும் படபடப்பு புரியும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அப்பா இறந்தபின் டேவிட் அவர் விட்டுப்போன கடிதத்தோடு எடின்பரோ அருகே இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போகிறான். அந்த மனிதர் கப்பல்காரனுக்குப் பணம் கொடுத்து அவனைக் கடத்தவைக்கிறார். அமெரிக்காவில் அடிமை வேலைக்குப் போக வேண்டியவன், வடக்கே சுற்றிப்போகும் கப்பலில் ஆலன் பிரெக் ஸ்டூவர்ட்டைச் சந்திக்கிறான். 1746 ஏப்ரல் 16-இல் கல்லோடன் போரில் அரசப் படையிடம் தோற்ற, ஸ்டூவர்ட் வம்சத்துக்கு அரியணையை மீட்கப் போராடிய தரப்பைச் சேர்ந்தவர் ஆலன். பிரான்சில் ஒளிந்திருக்கும் தன் குலத் தலைவருக்காக, ஏற்கெனவே அரசுக்கு வாடகை கட்டிய ஏழைக் குடியானவர்களிடம் இரண்டாவது வாடகையும் வாங்கிக்கொண்டு போகிறவர். கப்பல் உடைகிறது. கரையேறியபின் இருவரும் ஒரு கொலையின் அருகே அகப்பட்டு ஓடுகிறார்கள். கொலையும் ஆலனும் நிஜம். டேவிட் மட்டும் கற்பனை.

முதலில் பிரிக்கும் வேலை. மென்மையான தூரிகையால் தூசி தட்டி, துருவிய ரப்பர்த் தூளைப் பக்கங்களின் மேல் தூவி விரலால் மெதுவாகச் சுழற்றினேன். ஓரங்களில் இருந்த கருமை கணிசமாகப் போனது. கம்பிகளை இழுத்து எடுக்கக் கூடாது, இழுத்தால் தாள் கிழியும். மடிப்பின் உள்பக்கத்திலிருந்து மெல்லிய கத்தியைக் கம்பிக்கு அடியில் நுழைத்து நிமிர்த்தி, வெளிப்பக்கத்திலிருந்து குறட்டால் உருவ வேண்டும். முதுகில் பழைய வஜ்ஜிரம் கண்ணாடி போல் இறுகியிருந்தது. அதன்மேல் கெட்டியான மாவுப்பசையைத் தடவிக் கால் மணி நேரம் விட்டால் வஜ்ஜிரம் ஈரத்தை உறிஞ்சி இளகும். அப்புறம் எலும்பு மடிப்பானால் வழித்து எடுக்கலாம். நேராகத் தண்ணீர் தொட்டுச் சுரண்டினால் தாள் நனைந்து கூழாகிவிடும், பசை வழியாகக் கொடுக்கும் ஈரம் மெதுவாக, மேலோட்டமாக மட்டும் இறங்கும்.

பசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர் பைண்டர்கள் மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். கணக்குப் புத்தகத்துக்கு அது போதும். பழைய தாளுக்கு வேண்டாம், செம்பு உப்பு நாள்பட நாள்பட தாளின் நாரை அரித்துப் பழுப்பாக்கும். மைதாவில் இருக்கும் பசையமும் தேவையில்லை, மாவுச்சத்து மட்டும் போதும். அதை வீட்டிலேயே எடுக்கலாம். கோதுமை அல்வாவுக்குப் பால் எடுக்கிற அதே முறைதான்: கோதுமையை ஊறவைத்து அரைத்து, பிழிந்து, வடிகட்டி, இரவு முழுக்கத் தெளியவிட்டு மேல்நீரைக் கொட்டிவிட வேண்டும். அடியில் நிற்கும் வெள்ளை வண்டலைப் பலமுறை நீர் மாற்றித் தெளியவைத்தால் சுத்தமான மாவுச்சத்து கிடைக்கும். அதை நிழலில் உலர்த்தி, ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் அரை மணி நேரம் கைவிடாமல் கிளறினேன். கண்ணாடி மாதிரி தெளிந்ததும் இறக்கி, ஆறியதும் மெல்லிய துணியில் இரண்டு தடவை அழுத்தி வடித்தேன். பின்னாளில் யாராவது இந்தப் புத்தகத்தை மறுபடி பிரிக்க நேர்ந்தால் தண்ணீர் தொட்டாலே இந்தப் பசை விட்டுவிடும். எனக்கு அது மிக முக்கியம். ஒரு பழைய புத்தகத்தில் திரும்ப எடுக்க முடியாத எதையும் நாம் வைக்கக் கூடாது.

துருவால் ஓட்டை விழுந்த மடிப்புகளின் மேல் ஜப்பானியக் கோசோ தாளை நீளப் பட்டைகளாக ஒட்டினேன். பட்டையைக் கத்தரிக்காமல், தண்ணீரில் கோடு இழுத்துக் கையால் பிய்த்தால் ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நார் பழைய தாளோடு கலந்துவிடும், தடவிப் பார்த்தால் விளிம்பு தெரியாது. உலர்வதற்கு மேலும் கீழும் ஒற்றுத்தாள் வைத்து, அதன்மேல் பலகை, அதன்மேல் கனம். மழைக்காலமாக இருந்ததால் ஒற்றுத்தாளை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது, ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். அப்புறம் தேன்மெழுகு தடவிய லினன் நூலால், பருத்தி நாடாக்களின் மேல் பாரம் பாரமாகத் தைத்தேன். கம்பி போட்ட பழைய ஓட்டைகள் துருவால் பலவீனமாக இருந்ததால் அவற்றை விட்டுத் தள்ளிப் புது ஓட்டை போட்டேன்.

இனி வரைபடம். இதில்தான் எனக்கு அதிக நாள் போனது.

முதல் கேள்வி அளவு. பக்கம் 12 சென்டிமீட்டர் அகலம், 18 உயரம். கதை நடக்கும் நிலம் மேற்கே மல் தீவின் நுனியிலிருந்து கிழக்கே எடின்பரோ வரை சுமார் 196 கிலோமீட்டர், தெற்கு வடக்காக 115 கிலோமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தால் 28 சென்டிமீட்டர் அகலம், பதினாறரை உயரம் வருகிறது. பக்க உயரத்துக்குள் அழகாக அடங்கிவிடுகிறது. வலது ஓரத்தில் இன்னும் 6 சென்டிமீட்டர் சேர்த்து, கப்பல் வடக்கே பென்ட்லண்ட் நீரிணை வழியாகச் சுற்றிவரும் வழியைச் சின்ன உள்படமாகப் போட்டேன். மொத்தம் 34, அதை மூன்று பகுதியாக மடிக்கலாம்.

மூலமாக எடுத்துக்கொண்டது வில்லியம் ராயின் ராணுவ நில அளவை. கல்லோடனுக்குப் பிறகு, ஹைலண்ட்ஸ் மலைப்பகுதியில் படை நடத்த நல்ல வரைபடம் இல்லை என்று 1747-இல் தொடங்கி 1755 வரை நடந்த வேலை அது. ஓர் அங்குலத்துக்கு 1,000 கெஜம் என்ற அளவு. மூலத்தாள்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆலன் போன்றவர்களைத் துரத்திய படைக்காக, அவர் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வரைந்த படம். அவருடைய வழியை அதன்மேல் வைத்துக் குறிப்பதைவிடப் பொருத்தமான மூலம் இருக்க முடியாது. ஆனால் ராயின் அளவை பெருநிலத்தோடு நின்றுவிடுகிறது, தீவுகள் அதில் இல்லை. மல் தீவுக்கும் அதை ஒட்டிய எர்ரெய்ட் என்ற குட்டித்தீவுக்கும் பிற்காலத்து ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டிஷ் அரசின் நில அளவைத் துறை) தாள்களைப் பார்த்துக்கொண்டேன்.

எர்ரெய்ட் என் அளவில் வெறும் இரண்டு மில்லிமீட்டர் புள்ளி. ஆனால் நாவலில் மறக்க முடியாத பகுதி அதுதான். கப்பல் உடைந்து கரை ஒதுங்கும் டேவிட், தீவில் மாட்டிக்கொண்டதாக நினைத்து, பச்சைச் சிப்பியைத் தின்று, மழையில் நனைந்து, வயிற்றுவலியோடு நாள்களைக் கழிக்கிறான். கடலைத் தெரிந்தவன் ஒருநாள்கூட அங்கே இருந்திருக்க மாட்டான்: நீர் வற்றும்போது மணல் தெரியும், மல் தீவுக்கு நடந்தே போகலாம். படகில் போகிற மீனவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போன பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது. இந்த இடத்தை ஸ்டீவன்சனுக்கு நேரடியாகத் தெரியும். அவருடைய குடும்பம் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர் குடும்பம். டூ ஆர்டாக் பாறையில் 1867 முதல் 1872 வரை விளக்கம் கட்டியபோது எர்ரெய்ட்தான் கரைத்தளம், கல் செதுக்கியது அங்கே. 1870-இல் இளைஞராக அங்கே போய்த் தங்கியிருக்கிறார்.

அதனால் எர்ரெய்டுக்கு ஒரு தனி உள்படம் வரைந்தேன். கீழ் இடது மூலையில் கொலன்சே, ஜூரா தீவுகள் வர வேண்டிய இடத்தில் கதை போவதே இல்லை, அந்த மூலையை எடுத்துக்கொண்டேன். வற்றுநீர்க் கரையைப் புள்ளிக்கோடாகவும் உயர்நீர்க் கரையை முழுக்கோடாகவும் போட்டு, நடுவில் மணலுக்கு மிக லேசான மஞ்சள். படிக்கிறவர் டேவிட்டுக்கு முன்பே அந்த மணலைப் பார்த்துவிடுவாரே, திகில் கெட்டுவிடாதா என்று யோசித்தேன். கெடாது என்றுதான் தோன்றுகிறது. அவன் வழியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறான் என்று தெரிந்து படிப்பது இன்னும் வேதனை.

டோர்ரன் பாறைகளில்தான் கப்பல் உடைகிறது. அவற்றை எங்கே போடுவது? அசல் இடம் எர்ரெய்டிலிருந்து தள்ளி. நாவலில் மிகப் பக்கம். இது கவனக்குறைவால் வந்ததில்லை. நண்பர் சார்ல்ஸ் பாக்ஸ்டருக்கு எழுதிய சமர்ப்பணக் கடிதத்தில், பாறைகள் இவ்வளவு அருகே நகர்ந்து வந்ததையும், ஆப்பின் என்ற பகுதியில் நடந்த அந்தக் கொலை 1751-க்கு மாறியதையும் ஸ்டீவன்சனே சொல்லிவிடுகிறார். நான் பாறைகளை அசல் இடத்தில் வரைந்து, கப்பல் உடைந்த குறியை மட்டும் கதை சொல்லும் இடத்தில் வைத்தேன். வரைபடத்தின் தலைப்பில் 1751. இது நாவலுக்கான வரைபடம், அதன் கணக்குக்குத்தான் கட்டுப்பட வேண்டும்.

ஒரே ஓரிடத்தில் மட்டும் வரலாற்றின் தேதியைப் போட்டேன். அரசுக்காக வாடகை வசூலித்த கிளென்யூர் காலின் கேம்பெல் லெட்டர்மோர் காட்டில் சுடப்பட்டது 1752 மே 14. சுட்டவர் அகப்படவில்லை. ஆலன் மேல் சந்தேகம், அவரும் அகப்படவில்லை. அவரை வளர்த்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டைப் பிடித்து, உடந்தை என்று இன்வெராரியில் விசாரித்தார்கள். தலைமை நீதிபதியாக உட்கார்ந்தவர் கேம்பெல் குலத்தின் தலைவரான ஆர்கைல் கோமகன். ஜூரிகள் 15 பேரில் 11 பேர் கேம்பெல்கள். 1752 நவம்பர் 8-இல் பல்லாகூலிஷ் படகுத்துறைக்கு மேலே ஜேம்ஸைத் தூக்கிலிட்டு, மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக உடலை அங்கேயே தொங்கவிட்டார்கள். படத்தில் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிலுவையும் அந்தத் தேதியும் இருக்கின்றன. கற்பனைப் பையனின் பயணம் ஓர் அப்பாவியின் சாவுக்குப் பக்கத்தில் போகிறது என்பது படத்தைத் திறக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

வழிக்கோடு போட ஆரம்பித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எர்ரெய்டிலிருந்து டோரோசே படகுத்துறை வரை நேர்கோட்டில் ஆறரை சென்டிமீட்டர். லெட்டர்மோர் காட்டிலிருந்து பென் ஆல்டர் மலை வரையும் ஏறக்குறைய அதே நீளம். ஆனால் முதலாவதை நாவல் ஒரே அத்தியாயத்தில் கடந்துவிடுகிறது. இரண்டாவதுக்கு 17-லிருந்து 22 வரை ஆறு அத்தியாயம். மல் தீவில் டேவிட் வழிப்போக்கன், பாதையில் நடக்கிறான், வீட்டுக் கதவைத் தட்டுகிறான். ஆப்பினில் அவன் தேடப்படுகிறவன்.

அது ஏன் என்று படமே சொல்ல வேண்டும் என்றால் சாலைகளை வரைய வேண்டும். ஜெனரல் வேடும் அவருக்குப் பின் கால்ஃபீல்டும் ஹைலண்ட்ஸ் முழுக்கப் போட்ட ராணுவச் சாலைகளைச் சாம்பல் நிறத்தில் போட்டேன். ஃபோர்ட் வில்லியம் கோட்டை, கிளென்கோ வழியாக ஸ்டர்லிங் நோக்கி இறங்கும் சாலை எல்லாம் வந்தபிறகு ஓடுகிறவர்களின் சிவப்புக் கோடு ஏன் அப்படி வளைகிறது என்று பளிச்சென்று தெரிந்தது. நல்ல தரையெல்லாம் சிப்பாய்களுடையது. இவர்களுக்கு மிஞ்சுவது கிளென்கோவில் வெயிலில் கொதிக்கும் மொட்டைப் பாறையும், ரான்னாக் மூரின் ஈரச் சதுப்பும்தான். அந்த மூரில் ஒளிந்துகொள்ள ஏற்ற மரங்கள் கிடையாது. குதிரைவீரர்கள் வரிசையாகப் புதரைச் சல்லடை போட்டுத் தேடும்போது, கைகால்களை ஊன்றித் தவழ்ந்து கடப்பதைத் தவிர வேறு வழியில்லை. வரையும்போது அந்தப் பகுதியில் போட எதுவுமே இல்லாமல் தாள் வெறுமையாக நின்றது. அதை அப்படியே விட்டேன்.

டேவிட் தனியாகப் போகும் வழிக்குக் கறுப்புப் புள்ளிக்கோடு, இருவரும் சேர்ந்து போகும் வழிக்குச் சிவப்பு. பென் ஆல்டரில், தலைமறைவாக இருந்த குலத் தலைவர் க்ளூனி மக்ஃபர்சனின் மறைவிடத்தில் ஆலன் சீட்டாட்டத்தில் டேவிட்டின் பணத்தையும் சேர்த்துத் தோற்கிறார். (க்ளூனியும் நிஜ மனிதர். 1746-இல் ஸ்டூவர்ட் இளவரசர் சார்ல்ஸே அந்த மலையில் ஒளிந்திருந்தார்.) அதன்பின் இருவரும் மனம்விட்டுப் பேசாமல் மழையில் நடக்கிறார்கள், வாள் உருவும் அளவுக்குப் போகிறது. அந்த நீளத்துக்கு மட்டும் இரண்டு சிவப்புக் கோடுகளை ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் போட்டு, பால்விடருக்குச் சற்று முன்னால் சேர்த்தேன். இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

தெற்கே ஃபோர்த் ஆறு. ஸ்டர்லிங் பாலத்தில் காவல். அதற்குக் கீழே ஆறு விரிந்து கழிமுகமாகிவிடும், படகு வேண்டும். லைம்கில்ன்ஸ் ஊரில் நின்றால் எதிர்க்கரை தெரியும். என் படத்தில் அந்த நீலம் அரை சென்டிமீட்டர்கூட இல்லை. சாராயக்கடைப் பெண் ஒருத்தி இரவில் துடுப்புப் போட்டு அவர்களைக் கொண்டுபோய் விடாவிட்டால், அவ்வளவு மலை ஏறி இறங்கியும் அந்த அரை சென்டிமீட்டரில் தோற்றிருப்பார்கள். அவளுக்கு நாவலில் பெயர்கூட இல்லை. படகு போன வழியை நான் கொஞ்சம் தடிமனாகவே போட்டேன்.

மை கார்பன் மை, காய்ந்தபின் தண்ணீரில் கரையாதது. பசை ஈரம் படும் என்பதால் இது கட்டாயம். வண்ணம் நீர்வண்ணம்தான், மிக லேசாக. தாள் வாங்கும்போது அதன் இழையோட்டம் பார்க்க வேண்டும்: மேலிருந்து கீழாக, புத்தக முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மடிப்பு வெடிக்கும், பசை பட்டதும் பக்கம் அலை அலையாக நெளியும். மடிப்பு வரும் இரண்டு இடங்களிலும் பின்பக்கம் கோசோ பட்டை ஒட்டி, உலர்ந்த பிறகே மடித்தேன்.

படத்தைப் புத்தகத்தில் எங்கே வைப்பது என்பதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. புத்தகத்தின் கடைசியில், ஒரு பக்க அகலத்துக்கு வெற்றுத்தாள் விட்டு, அதற்கு அப்பால் வரைபடம் தொடங்கும்படி செய்ய வேண்டும். விரித்தால் படம் முழுவதும் புத்தகத்துக்கு வெளியே வலப்பக்கம் போய் நிற்கும். முதல் அத்தியாயம் படித்தாலும் முப்பதாவது படித்தாலும் படம் கண்ணெதிரே இருக்கும், முன்னும் பின்னும் புரட்ட வேண்டியதில்லை. மடித்த தாளின் தடிமன் ஓரத்தில் சேர்ந்து புத்தகம் ஆப்பு மாதிரி வீங்காமல் இருக்க, முதுகுப் பக்கம் அதே தடிமனுக்குக் குறுகிய தாள் பட்டைகள் சேர்த்துத் தைத்தேன்.

அட்டை வேலை வழக்கமானது. முதுகில் மஸ்லின் ஒட்டி, அதன்மேல் தாளைக் குழாயாக மடித்து ஒட்டினேன். திறக்கும்போது முதுகு வளைய இடம் கிடைக்கும், துணியின் மேல் இழுவிசை விழாது. இரண்டு அட்டைகளிலும் பழைய துணியை விளிம்பில் கொஞ்சம் தூக்கி, நிறம் ஒத்த புதுத் துணியை அடியில் செருகி ஒட்டி, பெயர் அச்சடித்த பழைய முதுகுத் துண்டை அதன்மேல் திரும்ப வைத்தேன். எழுத்துகளில் தங்கம் பாதி போயிருக்கிறது. அதைத் தொடவில்லை.

இப்போது புத்தகம் தட்டையாகத் திறக்கிறது, படமும் சிக்காமல் விரிகிறது. அடுத்தது 1893-இல் வந்த இரண்டாம் பாகம், ‘கட்ரியோனா’. ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் விசாரணை அதில்தான் வருகிறது. டேவிட் சாட்சி சொல்லிவிடக் கூடாது என்று அவனைப் பாஸ் பாறையில் அடைத்துவைக்கிறார்கள், கதை அப்புறம் ஹாலந்து வரை போகிறது. இந்த அளவில் அது அடங்காது. வட கடலையும் சேர்த்து ஒரு தாள், இன்வெராரிக்கும் எடின்பரோவுக்கும் இடையிலான வழிக்கு இன்னொரு தாள் என்று பிரித்துக்கொள்ள நினைக்கிறேன். மிச்சம் இருந்த மாவுச்சத்தை உலரவைத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.